குர்ஆன் வசனத்தைச் சூழலோடு படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குர்ஆனை அது அருளப்பட்ட சூழலோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். சரி, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால்தான் பதில் வராது. ஒருவர் கனமான தத்துவ நூலைக் கையில் கொடுப்பார். இன்னொருவர் முதலில் பத்து வருடம் அரபி படித்துவிட்டு வா என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நாள் திண்டாடிய பிறகு எனக்குப் பிடிபட்ட வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நீங்கள் முஸ்லிமாக இருந்தாலும் வெளியிலிருந்து ஆர்வத்தோடு படிப்பவராக இருந்தாலும் இந்த வரிசை உதவும்.

இந்த முறையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. வசனம் என்ன சொல்கிறது? முதலில் கேட்டவர்களுக்கு அது என்னவாகப் பட்டது? அதன் நோக்கம் இன்றைக்கு எந்த வடிவத்தில் நிறைவேறும்? கெட்டுப்போகிற இடம் வரிசைதான். முக்கால்வாசிப் பேர் மூன்றாவது கேள்விக்குப் பிடித்த பதிலை முதலிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற சூழலைத் தேடிப் போகிறார்கள். எதிர்ப்பவர்கள் இந்த முறையையே சந்தேகிப்பதற்கும் அதுதான் பெரிய காரணம்.

1. சண்டையில்லாத வசனமாக எடுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராகக் கணவன்–மனைவி உறவு பற்றிய 4:34க்கோ (நான்காம் அத்தியாயம், 34ஆம் வசனம்) போர் பற்றிய 9:5க்கோ பாய்வார்கள். வேண்டாம். அந்த வசனங்களைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கும். முறையைப் பழகவே முடியாது.

கை பழகுவதற்கு 8:60 நல்லது. எதிரிகளுக்கு எதிராக உங்களால் இயன்ற பலத்தையும் கட்டிவைத்த குதிரைகளையும் தயார் செய்யுங்கள் என்கிறது அது. இன்று எந்த நாட்டு ராணுவமும் இந்த வசனத்துக்காகக் குதிரை லாயம் கட்டுவதில்லை. கட்ட வேண்டும் என்று எந்த ஆலிமும் (மார்க்க அறிஞரும்) சொல்வதுமில்லை. குதிரை அன்றைய வடிவம், தற்காப்புக்கான ஆயத்தம் நோக்கம் என்பதை எல்லோரும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சூழல் வாசிப்பை முற்றாக மறுப்பவரும் இந்த வசனத்தில் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அப்புறம் முதல் உண்மையான பயிற்சிக்கு 2:282. குர்ஆனிலேயே நீளமான வசனம். தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியது. கீழே வரும் படிகளில் இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

2. மேசையில் என்னென்ன இருக்க வேண்டும்

வசன எண்கள் தெளிவாக அச்சிட்ட ஒரு குர்ஆன் பிரதி. ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு மொழிபெயர்ப்புகள். ஒன்று மட்டும் வைத்திருந்தால் மொழிபெயர்த்தவரின் முடிவை வசனத்தின் சொல் என்றே நம்பிவிடுவீர்கள். பழைய தஃப்ஸீர்களில் (குர்ஆன் விரிவுரைகளில்) குறைந்தது இரண்டு. வசனங்கள் இறங்கிய பின்னணிகளைத் தொகுத்த நூல் ஒன்று. அஸ்பாபுன் நுஸூல் என்ற தலைப்பில் தேடினால் வாஹிதீ, சுயூத்தீ ஆகியோரின் தொகுப்புகள் கிடைக்கும்.

செலவு பெரிதாக இல்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆனிக் அரபிக் கார்ப்பஸ் என்ற தளம் ஒவ்வொரு சொல்லுக்கும் வேர்ச்சொல், இலக்கணம், அந்த வேர் வருகிற மற்ற வசனங்கள் எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டும். ஜோர்டானின் ஆலுல் பைத் நிறுவனம் நடத்தும் அல்தஃப்ஸீர் தளத்தில் பழைய விரிவுரைகள் அரபியில் குவிந்து கிடக்கின்றன. வாஹிதீயின் தொகுப்பு ஆங்கிலத்திலும் இருக்கிறது. எட்வர்ட் லேனின் அரபி–ஆங்கில அகராதியும் இணையத்தில் இலவசம். ஆனால் அவர் 1876இல் முடிக்காமலேயே இறந்துவிட்டார். காஃப் (ق) எழுத்துக்கு அப்பால் உள்ள பகுதி அவர் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டது. அந்த எழுத்துகளில் தேடும்போது கிடைப்பது மெலிதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பணம் கேட்பவை நவீன ஆய்வு நூல்கள். பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் விலை கையைக் கடிக்கும். நூலகத்தில் இரவல் கேளுங்கள், ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளைத் தேடுங்கள். வாங்குவதை ஏழாவது படி வரைக்கும் தள்ளிப்போடலாம்.

அரபி? எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கவும் தெரிந்தால் ஆரம்பிக்கலாம். முழுமையாகத் தெரிந்த பிறகுதான் என்று காத்திருந்தால் ஒருநாளும் ஆரம்பிக்க மாட்டீர்கள். ஆனால் தெரியாத அளவுக்கு ஏற்பக் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

3. வசனத்தை மட்டும் படியுங்கள்

முதல் வாரம் எந்த விரிவுரையும் வேண்டாம். வசனத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது பத்து வசனங்களைச் சேர்த்துப் படியுங்கள். 9:5ஐ வைத்து நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல், 9:4ஐயும் 9:6ஐயும் படித்தாலே தணிந்துவிடும். முந்தைய வசனம் உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு விலக்குத் தருகிறது. அடுத்தது, அடைக்கலம் கேட்கும் இணைவைப்பாளரை (பல தெய்வங்களை வணங்குபவரை)ப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. இதற்கு எந்த நவீனக் கோட்பாடும் தேவையில்லை.

2:282இல் என்னென்ன கட்டளைகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கடனை எழுதுங்கள். எழுத்தர் நியாயமாக எழுத வேண்டும், மறுக்கக் கூடாது. எழுத்தர் எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். அவர் விவரம் போதாதவராகவோ பலவீனராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்கள் சாட்சி. இல்லையென்றால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும். சின்னத் தொகையானாலும் எழுதச் சலிக்கக் கூடாது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கு எழுத்து வேண்டாம். எழுத்தருக்கும் சாட்சிக்கும் தொந்தரவு தரக் கூடாது.

பிறகு அந்தத் தாளில் வேறு நிற மையால், வசனமே சொல்லும் காரணங்களைக் குறியுங்கள். இது இறைவனிடம் அதிக நீதியானது, சாட்சியத்துக்கு உறுதியானது, சந்தேகம் வராமல் காப்பது என்று மூன்றை அதுவே சொல்கிறது. பெண் சாட்சிகளுக்கும் தனியாக ஒரு காரணம் தருகிறது: ஒருவர் தவறினால் மற்றவர் நினைவூட்டுவதற்கு. வசனம் தானே காரணம் சொல்லும் இடங்களில் நம் ஊகத்துக்கு வேலை குறைவு. 2:282ஐ முதல் பயிற்சியாகச் சொல்வதற்கு அதுவே காரணம்.

4. அன்றைய சூழலைத் தேடுங்கள்

அதிக நேரம் பிடிப்பதும் அதிகமாக வழுக்குவதும் இந்தப் படி. சூழல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு அடுக்கு உண்டு. இந்த வசனம் இன்ன சம்பவத்தின்போது இறங்கியது என்கிற அறிவிப்பு ஒன்று. அன்றைய அரேபியாவின் குடும்பம், வணிகம், போர், அடிமைமுறை என்கிற பெரிய பின்னணி இன்னொன்று. தனித்தனித் தாளில் எழுதுங்கள். கலந்தால் குழப்பம்தான்.

4:3ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பலதார மணம் பற்றிய வசனம். உஹுத் போரில் எழுபது பேர் அளவுக்கு இறந்தார்கள், விதவைகள் பெருகினார்கள், அதனால் இறங்கியது என்று நவீன நூல்கள் பலவும் எழுதும். அது பெரிய பின்னணி. புகாரீயின் ஹதீஸ் தொகுப்பில் நபியின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்வதாக வரும் அறிவிப்பு வேறு திசையில் போகிறது: தன் பராமரிப்பில் உள்ள அநாதைப் பெண்ணின் சொத்திலும் அழகிலும் ஆசைப்பட்டு, உரிய மஹர் (மணக்கொடை) கொடுக்காமல் அவளை மணந்துகொள்ள நினைக்கும் காப்பாளர்களைப் பற்றி அது பேசுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் முதலாவதை மட்டும் வைத்து முடிவெடுத்தால், சொத்தைச் சுரண்டுவதைத் தடுப்பது என்ற நோக்கம் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

2:282க்கு வருவோம். இது முன்பணம் கொடுத்துப் பொருளைப் பின்னால் வாங்கும் ஸலம் வணிகம் பற்றியது என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக விரிவுரைகளில் இருக்கும். மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே பணம் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுப்பவர் அளவு, எடை, தவணை மூன்றையும் தெரிந்துகொண்டு கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) சொன்ன ஹதீஸும் (நபிமொழியும்) உண்டு. அப்படியானால் காட்சி இப்படி: எழுதத் தெரிந்தவர்கள் ஒரு சிலரே உள்ள ஊர், இன்னும் காய்க்காத பழம், கைமாறிவிட்ட பணம். எழுத்தர் மறுக்கக் கூடாது என்பது ஏன் தனிக் கட்டளையாக வந்தது என்று இப்போது புரியும்.

இந்தப் படியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குர்ஆனின் பெரும்பாலான வசனங்களுக்குத் தனிச் சம்பவ அறிவிப்பு கிடையாது. இல்லாத இடத்தில் ஒன்றைக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு ஸஹாபி (நபித்தோழர்) 'இது இன்ன விஷயத்தில் இறங்கியது' என்று சொன்னால், அது இறங்கிய தருணத்தைத்தான் குறிக்கும் என்றில்லை, வசனம் பொருந்தும் ஒரு விஷயத்தையும் குறிக்கலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற பழைய அறிஞர்களே எச்சரித்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஸலம் அறிவிப்பையும் அப்படியே பாருங்கள். ஒரே வசனத்துக்கு மூன்று நான்கு அறிவிப்புகள் வந்தால் பிடித்ததை மட்டும் எடுக்காமல் எல்லாவற்றையும், அவற்றின் தரம் பற்றிச் சொல்லப்பட்டதையும் எழுதுங்கள். அத்தியாயத் தலைப்பில் மக்கீ (மக்காக் காலம்), மதனீ (மதீனாக் காலம்) என்று போட்டிருப்பதையும் ஒரேயடியாக நம்ப வேண்டாம். ஒரு மக்கீ அத்தியாயத்துக்குள் மதீனாவில் இறங்கியதாகச் சொல்லப்படும் வசனங்கள் இருக்கலாம்.

5. அதே விஷயம் வேறு எங்கே வருகிறது?

வேர்ச்சொல் தேடல் இங்கேதான் கைகொடுக்கும். சாட்சி சம்பந்தமான வசனங்களைத் திரட்டினால், 2:282 தனியாக நிற்கவில்லை என்று தெரியும். 65:2 மணவிலக்கு விஷயத்தில் உங்களில் நேர்மையான இருவர் என்கிறது. 24:6 முதல் 24:9 வரை, கணவன் மனைவி மீது குற்றம் சாட்டும்போது இருவரின் சத்தியமும் சம எண்ணிக்கையில் வருகிறது. மனைவி சத்தியம் செய்தால் தண்டனை விலகுகிறது. 2:283 பயணத்தில் எழுத்தர் கிடைக்காவிட்டால் அடமானம் போதும் என்றும், ஒருவரையொருவர் நம்பினால் நம்பப்பட்டவர் ஒப்படைக்கட்டும் என்றும் சொல்கிறது. இதைத் திரட்டிய பிறகு 'ஒரு பெண்ணின் சாட்சி எப்போதும் பாதி' என்ற பொதுவிதியை ஒரே வசனத்திலிருந்து எடுப்பது கஷ்டமாகும். இதை வேகமாக முடிக்கலாம், இரண்டு மூன்று மாலைகள் போதும்.

6. பழைய விரிவுரைகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

பழையவர்கள் சொல்லுக்குச் சொல் பிடித்துத் தொங்கியவர்கள், சூழலைப் பார்த்தவர்கள் நாம்தான் என்ற நினைப்போடு வருபவர்கள் நிறைய. பழைய விரிவுரையாளர் தபரீயைத் திறந்தாலே அது கரைந்துவிடும். கடனை எழுதுவது கட்டாயம் என்பது தபரீயின் கருத்து. பெரும்பாலான அறிஞர்கள் 2:283ஐக் காட்டி அது நல்ல வழிகாட்டல் மட்டுமே என்றார்கள். கட்டளை வாக்கியம் என்பதாலேயே கட்டாயம் என்று முடிவு கட்டவில்லை, பாருங்கள்.

1350இல் இறந்த சட்ட அறிஞர் இப்னுல் கைய்யிம் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இந்த வசனம் உரிமையைக் காத்துக்கொள்ள மக்கள் எப்படிச் சாட்சி ஏற்படுத்திக்கொள்வது என்று சொல்கிறது. நீதிபதி எதை வைத்துத் தீர்ப்பளிக்கலாம் என்பதற்கு எல்லை போடவில்லை என்பது அவர் வாதம். 1388இல் இறந்த ஷாதிபீ, சட்டங்களின் நோக்கங்களை, அதாவது மகாஸிதை, ஒரு முழு நூலின் மையமாக்கினார். கலீஃபா உமர் (ரலி) பஞ்ச காலத்தில் திருட்டுக்குக் கைவெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்ததாக வரும் செய்தி எல்லோருக்கும் தெரிந்ததே.

சுருக்கப் பதிப்புகளிடம் ஜாக்கிரதை. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கருத்து வேறுபாடுகள்தான். நமக்கு வேண்டியதும் அதுதான்.

7. நவீன அறிஞர்களை இந்த வரிசையில் படியுங்கள்

முதலில் ஃபஸ்லுர் ரஹ்மான் (1919–1988). பாகிஸ்தானிலிருந்து சிகாகோ போய்ப் பாடம் நடத்தியவர். அவருடைய இரட்டை அசைவு முறைதான் இந்தத் துறையில் எல்லோரும் கால் வைக்கும் முதல் படிக்கட்டு. இன்றைய பிரச்சினையிலிருந்து குர்ஆன் இறங்கிய காலத்துக்குப் போவது, குறிப்பிட்ட தீர்ப்புகளிலிருந்து பொது நோக்கத்தைக் கண்டெடுப்பது முதல் அசைவு. அந்த நோக்கத்தோடு இன்றைக்குத் திரும்பி வந்து, இன்றைய நிலைமையையும் அதே கவனத்தோடு ஆராய்ந்து பொருத்துவது இரண்டாவது. 1982இல் வந்த அவருடைய இஸ்லாமும் நவீனத்துவமும் பற்றிய நூலின் முன்னுரையைப் படித்தாலே இது கிடைத்துவிடும்.

அடுத்து அப்துல்லாஹ் ஸஈத். மாலத்தீவில் பிறந்து மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2006இல் அவர் தந்த விழுமிய அடுக்கு, ஃபஸ்லுர் ரஹ்மான் விட்ட இடத்தை நிரப்புகிறது. நம்பிக்கை, வழிபாடு போன்ற கட்டாயமானவை. உயிர், உடைமை போன்ற அடிப்படையானவை. அவற்றைக் காக்கும் சட்டங்கள். அந்தச் சட்டங்களைச் செயலாக்கும் குறிப்பிட்ட நடைமுறைகள். ஒரு சூழலுக்கான அறிவுறுத்தல்கள் என்று ஐந்து. ஓர் அறிவுறுத்தல் எல்லாக் காலத்துக்குமானதா என்று பார்க்க மூன்று அளவுகோல்கள் வைக்கிறார்: குர்ஆனில் எவ்வளவு அடிக்கடி வருகிறது, நபியின் பணிக்காலத்தில் எவ்வளவு அழுத்தம் பெற்றது, அது ஒரு காலத்துக்கும் பண்பாட்டுக்கும் மட்டும் பொருந்துகிறதா, எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிறதா. நடைமுறைக்கு இவ்வளவு கைகொடுக்கும் சட்டகத்தை வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை.

பிறகு ஆமினா வதூத் 1992இல் எழுதிய நூல். 2:282இல் இரண்டு பெண்களில் ஒருவர்தான் சாட்சி, மற்றவர் துணைக்கு என்று அவர் வாசிப்பதைப் படித்து, அதே வசனத்தில் ஃபஸ்லுர் ரஹ்மான் சொல்வதோடு ஒப்பிடுங்கள். அன்றைய பெண்களுக்குக் கடன் விவகாரங்களில் பழக்கம் குறைவு, பழக்கம் வந்துவிட்டால் நிலைமை மாறும் என்பது ஃபஸ்லுர் ரஹ்மானின் வாதம். முடிவு கிட்டத்தட்ட ஒன்று, வழி வேறு.

நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் (1943–2010), முஹம்மத் அர்கூன் (1928–2010) இருவரையும் கடைசியில் வையுங்கள். மொழியியல், தத்துவப் பின்னணி இல்லாமல் படித்தால் தலை சுற்றும். அபூ ஸைத் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: 1995இல் எகிப்து நீதிமன்றம் அவரை மதம் மாறியவர் என்று சொல்லி அவர் திருமணத்தையே ரத்துச் செய்தது, அவர் நெதர்லாந்துக்குப் போக நேர்ந்தது. பொதுவெளியில் எழுதும்போது எந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது சின்ன விஷயமில்லை.

8. வடிவத்தையும் நோக்கத்தையும் பிரித்து, இன்றைக்கு வாருங்கள்

உங்கள் தாள்களை எல்லாம் பரப்பி வையுங்கள். 2:282இன் அடியில் இருப்பது மற்றவர் பொருளை அநியாயமாக விழுங்காமல் இருப்பது. 2:188 அதை நேராகவே சொல்கிறது. அதைக் காக்க ஆவணமும் சாட்சியும். அதைச் செயலாக்க எழுத்தர், வாசகம் சொல்பவர், சாட்சிகளின் எண்ணிக்கை.

எல்லோரும் சாட்சிகளின் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறார்கள். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர் என்கிற கட்டளையைப் பாருங்கள். பொறுப்பைச் சுமக்கப் போகிறவர் வாயிலிருந்தே வாசகம் வர வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவர் பக்கத்து ஆள் சொல்ல வேண்டும். இன்றைக்கு என்ன நடக்கிறது? கடன் கொடுக்கும் நிறுவனம் ஒப்பந்தத்தை எழுதுகிறது. பல பக்கம், பொடி எழுத்து. கடன் வாங்குபவர் கைப்பேசித் திரையில் கடைசி வரை தள்ளி 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறார். ஆவணம் இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, வசனத்தின் சொல்லளவில் எழுதியாகிவிட்டது. ஆனால் வாசகம் சொல்கிறவர் மாறிவிட்டார். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் நிபந்தனைகளைச் சொல்லி, அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்வரை கையெழுத்து வாங்கக் கூடாது என்று ஒருவர் இந்த வசனத்திலிருந்து வாதாடலாம். சூழல் வாசிப்பு என்றாலே சட்டத்தைத் தளர்த்துவது என்கிறார்களே, இங்கே அது இறுக்குகிறது.

உங்கள் வாசிப்பு எப்போதும் உங்களுக்கு வசதியான பக்கமே சாய்கிறதா என்று பார்க்கவும் இதுவே வழி. ஒரு தடவைகூட உங்களுக்குச் சங்கடம் தராத வாசிப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது.

9. எதிர்வாதத்தையும் எழுதுங்கள்

கணக்கில் எடுக்க வேண்டியது சொல்லின் பொதுமையை, இறங்கிய காரணத்தின் தனித்தன்மையை அல்ல என்பது உஸூல் (சட்டக் கோட்பாட்டு) நூல்களில் நிலைத்துவிட்ட விதி. நீங்கள் பேசும் எந்த ஆலிமும் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். கூடவே, நோக்கம்தான் முக்கியம் என்றால் நோன்பையும் தொழுகையையும்கூட நோக்கத்தைச் சொல்லி விட்டுவிடலாமா, எங்கே நிறுத்துவீர்கள் என்றும் கேட்பார். நியாயமான கேள்வி. ஸஈத் வழிபாட்டைக் கட்டாய அடுக்கில் தனியே வைத்தது இதற்கு ஒரு பதில். அது போதுமான பதிலா என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. உங்கள் குறிப்பில் எதிர்வாதத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள், அதை அவர்களே படித்தாலும் ஆமாம் என்று தலையாட்டும்படி.

10. எவ்வளவு காலம், யாரிடம் காட்டுவது

வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படிப்பவருக்கு 2:282 மாதிரி வசனம் ஒரு மாதத்துக்குக் குறையாது. முதல் வாரம் வசனம், அடுத்த இரண்டு வாரம் சூழலும் பழைய விரிவுரைகளும், மிச்சம் நவீன வாசிப்பும் எழுத்தும். நவீன நூல்களுக்கு வாசிப்பு நேரம் தனி.

முடித்த குறிப்பை இரண்டு பேரிடம் காட்டுங்கள்: மத்ரஸாவில் முறையாக ஓதிய ஒருவர், இந்தத் துறையை வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர். முதலாமவர் அரபியிலும் ஹதீஸ் தரத்திலும் நீங்கள் சறுக்கிய இடத்தைப் பிடிப்பார். இரண்டாமவர், காரணமே சொல்லாமல் நீங்கள் தாண்டிப்போன இடத்தைப் பிடிப்பார். திருமணம், வாரிசுரிமை, மணவிலக்கு என்று ஒருவருடைய வாழ்க்கையில் உடனே விளைவு தரும் கேள்விகளுக்கு இந்தக் குறிப்பைத் தீர்ப்பாக யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுப்பவர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த வசனமாக 4:3ஐ எடுக்கலாம். எடுக்கும்போது 4:2, 4:127, 4:129 மூன்றையும் முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். 4:34 அதற்கும் பிறகு.